சுத்த அறையின் வெள்ளிக்கிழமைகள்

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து ஐம்பதுக்கு என் மகள் கணக்குப் புத்தகத்தை மூடினாள். நேரம் இத்தனை திட்டமாக நினைவிருப்பதற்குக் காரணம், ஆறு மணிக்கு விளக்கேற்ற வேண்டும் என்று நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். விளக்கேற்றும் முன் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவது எங்கள் வெள்ளிக்கிழமை வழக்கம். அன்று மத்தியானத்திலிருந்தே மழை. கண்டி மஹய்யாவில் எங்கள் வீடு மேட்டில், காற்று அடிக்கிற பக்கம் பார்த்து இருப்பதால், மழை நாளில் ஜன்னல்களைச் சாத்தாவிட்டால் படுக்கை நனைந்துவிடும். எல்லாவற்றையும் சாத்தியிருந்தேன். மகளுக்கு அடுத்த வாரம் தவணைப் பரீட்சை என்பதால் அவள் படிக்கும் மேசைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தூபம் காட்டினேன். அவள் புத்தகத்தை மூடியது படித்து முடித்ததால் இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் ஊன்றி, தோள்களைக் காது வரைக்கும் உயர்த்தி, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சாக, “அப்பா... ஜன்னல... தொறங்க” என்றாள்.

இழுப்புக்கான மருந்துப் பம்பை எடுத்து வாயில் இரண்டு முறை அடித்தோம். பிறகு நான்கு முறை. வழக்கமாக நான்காவதில் தோள் இறங்கும். அன்று இறங்கவில்லை. கழுத்தின் அடியில், எலும்புக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. உதட்டில் நீலம் தெரிகிறதா என்று பார்க்க மனைவி லைட்டைப் போட்டாள். அந்த வெளிச்சத்தில் மகளின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்குவதைப் பார்த்தேன். அந்தக் காட்சி எனக்குப் பழக்கமானது. உள்ளங்கை அளவு கூட இல்லாத உடம்புகளில் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்து, நேரம் குறித்து, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

நான் பேராதனைப் பக்கம் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப அலுவலராக இருக்கிறேன். சுண்டெலிகளை வளர்த்து, அவற்றில் ஒரு நோய் எதனால் வருகிறது, பிறப்பிலா, சூழலிலா என்று பார்க்கும் இடம் அது. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அங்கே எங்களோடு வேலை செய்த ஒரு அக்காவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவருக்கு என்னைவிட வயது குறைவு. ஆனால் வாசலில் நிற்கும் காவலாளி முதல் ஆய்வுக்குப் பொறுப்பான மேடம் வரை எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளித்தான் அவர் வீடும். எலிக்கூடுகளைக் கழுவி, மரச்சீவல் மாற்றி, தண்ணீர்ப் போத்தல் நிரப்புவதற்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட தற்காலிக ஊழியர். ஒப்பந்தம் மூன்று முறை நீட்டப்பட்டிருந்தது.

எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் எங்களுக்குப் பழக்கிக் கொடுத்த முறை. அக்கா அப்படித் தூக்க மாட்டார். கூட்டுக்குள் கையைக் கிண்ணம் போல வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். கொஞ்ச நேரத்தில் எலி தானாக ஏறி உட்காரும். “வாங்க, வாங்க, அவசரமில்ல. சார்தான் நேரம் பாத்துக்கிட்டு நிக்கிறாரு, நீங்க மெதுவா வாங்க” என்று அதனிடம் பேசுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது எலிகளை எடை போட்டு, மூச்சுப் பெட்டியில் வைத்துக் கணக்கெடுக்க வேண்டும். மூச்சுப் பெட்டி என்பது ஒரு கண்ணாடிச் சிமிழ். எலி உள்ளே சும்மா இருந்தாலே போதும், அது எப்படி மூச்சு விடுகிறது என்பது திரையில் அலையாக ஓடும். அக்கா கொண்டுவந்து வைக்கும் எலிகளின் அலை முதலிலிருந்தே சீராக இருப்பதையும், நான் தூக்கிவைப்பவை முதல் பத்து நிமிடம் பதறுவதையும் மேடம்தான் கண்டுபிடித்தார். “உங்கட கையில ஏதோ பிழை இருக்கு” என்று என்னிடம் சிரித்தார். அக்காவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மேடம் யாழ்ப்பாணத்தவர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். மலையகத் தோட்டங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், பிள்ளைகளுக்கு மூச்சு இழுப்பு ஏன் வருகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. விறகடுப்புப் புகையாலா? அல்லது தாய் தகப்பனிடமிருந்து வரும் உடம்பின் இயல்பாலா? ஒரே காம்பராவில், அந்த ஒற்றை அறைக்குள், ஒரே புகையைக் குடித்து வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு வருகிறது, மற்றதற்கு வருவதில்லையே, ஏன்? பிள்ளைகளை வைத்து இதைப் பார்க்க முடியாது. அதனால் எலி. பல தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கூடிப் பெருகியதால் ஒரே வம்சத்துக்குள் ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாமல் போன எலிகளை வரவழைத்திருந்தார். அதில் இரண்டு வம்சம். ஒன்றுக்கு மூச்சுக்குழாய் பிறப்பிலேயே சுருங்கிக்கொள்ளும் தன்மை. மற்றது எதையும் தாங்கும். மேடம் அவற்றை எண்ணால் சொல்வார். அக்கா முதலாவதை நோஞ்சான் வம்சம் என்பார், இரண்டாவதை முரட்டு வம்சம் என்பார். கடைசியில் மேடமும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார். இரண்டு வம்சத்திலும் பாதிப் பாதியைப் பிரித்து, ஒரு பகுதியைத் தினமும் அளவாக விறகுப் புகை விடும் அறையில் வைத்தோம். மறு பகுதியைப் புகையே இல்லாத அறையில் வைத்தோம். அதற்குச் சுத்த அறை என்று பெயர்.

நான் மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் என்பதால் இது எனக்கு உடனே புரிந்தது. தேயிலையில் கொப்புள நோய் வரும். மழையும் மூடுபனியும் விடாமல் நிற்கும் மாதங்களில் ஒரு செடியின் கொழுந்து முழுக்கக் கொப்புளமாக இருக்கும், பக்கத்து வரிசையில் வேறு இனச் செடி பச்சையாக நிற்கும். அந்த நோஞ்சான் செடியும் வெயில் மாதங்களில் நன்றாகத்தான் தளிர்க்கும். செடியும் வேண்டும், பனியும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கொப்புளம். மேடமிடம் இதைச் சொன்னபோது, “ஓம், அதேதான். அதை எலியில காட்டினால்தான் ஆக்கள் நம்புவினம்” என்றார்.

ஆனால் எலிகள் வேறு எதையோ காட்டின. புகை அறையில் நோஞ்சான்கள் மூச்சு வாங்கியது எதிர்பார்த்ததுதான். சுத்த அறையிலும் நோஞ்சான்கள் மூச்சு வாங்கின. முடி சிலிர்த்து, முதுகு கூனி, மூலையில் ஒடுங்கின. அதே அறையில் இருந்த முரட்டு வம்சத்துக்கு ஒன்றுமே இல்லை. மேடம் தீனியை மாற்றினார். மரச்சீவலை வேறு ஆலையில் வாங்கச் சொன்னார். கிருமிநாசினியை நிறுத்தினார். எதுவும் மாறவில்லை. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நேராகவே கேட்டார். “சுத்த அறைக்குள்ள எப்பவாவது புகை போனதா? யாரும் வெளியில குப்பை எரிச்சவையா?” நான் இல்லை என்றேன். அக்காவும், “இல்ல மேடம், அப்புடி ஒன்னுமில்ல” என்றார். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். மேடம் அட்டவணையை இன்னொரு முறை புரட்டிவிட்டு, “அப்ப இந்த வம்சத்துக்குச் சுத்தமான காத்தும் போதாது போல. இரத்தத்திலயே இருக்கு” என்றார்.

அந்த வசனத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இதைச் சொல்வதற்கு என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் நான்கு வயதில் இழுப்பு வந்து இறந்தான். லயத்துக் காம்பராவின் அடுப்படியில், ஈர விறகு புகைந்துகொண்டிருந்த ஒரு காலையில், அம்மாவின் மடியில் கிடந்து, கழுத்துக் குழி உள்ளே போய் வர, எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “அவன் ஒடம்பு வாகு அப்புடி” என்று அப்பா சொன்னார். நான் அதை நம்பி வளர்ந்தேன். என் மகளுக்குப் பதினொரு வயதில் முதல் முறை இழுப்பு வந்தபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். கண்டியில் கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வந்த என் மாமியார், தேநீரை ஆற்றிக்கொண்டே, “எங்க பக்கத்துல ஏழு தலமொறைக்கு யாருக்கும் இழுப்பு இல்ல மாப்பிள்ள. இது எங்க இருந்து வந்துச்சோ” என்றார். மனைவி, “அம்மா, டீயக் குடிங்க” என்றாள். என்னிடம் பதில் இருந்தது. என் பக்கத்திலிருந்துதான் வந்தது. சுத்த அறை எலிகள் அதை உறுதி செய்தபோது, “எலியிலேயே தெரிஞ்சு போச்சு. ரத்தத்துல இருந்தா என்ன செஞ்சாலும் வரும்” என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இரத்தத்தைக் குற்றம் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அதில் துக்கம் மட்டும் உண்டு, செய்ய வேண்டியது எதுவும் இல்லை. செய்ய எதுவும் இல்லாதவன் சாமி கும்பிடுவான். நான் வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணியைக் கூட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வழக்கத்துக்கு அரைமணி நேரம் முன்னதாகவே வேலைக்குப் போனேன். முதல் நாள் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கத்தான் போனேன். சுத்த அறையின் காற்றாடி நின்றிருந்தது. கதவைத் திறந்தால் எங்கள் வீட்டுப் பூசை அறையின் வாசம். அக்கா ஒரு சின்னத் தூபக்காலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தட்டுக் கூட்டுக்கும் மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பதறவில்லை. “வாங்க சார், நீங்களும் கும்புட்டுக்குங்க” என்றார்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர் சொன்ன பதில் ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. “பூ வச்சுக்கிட்டு உள்ள வரக்கூடாதுன்னு மேடம் சொன்னாங்க. வெள்ளிக்கெழம கூட கழட்டி வெளிய வச்சிட்டுத்தான் சார் வர்றேன். பவுடர் கூடப் போடுறதில்ல. நல்ல நாளும் அதுவுமா ஒன்னும் இல்லாம எப்புடி? அதுங்களும் உசுருதானே. அதான் சாம்பிராணியாவது காட்டுவோம்னு.” காற்றாடியை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். “அது சாமி பொகைய இழுத்து வெளிய தள்ளிருது சார்.” அப்படியானால் புகை அறைக்கு ஏன் காட்டவில்லை? “அதுங்க பாவம், ஏற்கெனவே பொகையிலதானே கெடக்குதுங்க. இதுவேறயா?”

மேடம் வந்ததும் சொன்னேன். மேடம் கதிரையில் உட்கார்ந்தபடி அக்காவைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில், “எத்தினை வெள்ளி?” என்று கேட்டார். “மொத வெள்ளியில இருந்து மேடம். செவ்வாயும் உண்டு.” “நான் புகை போனதா எண்டு கேட்டனே அக்கா?” அக்காவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “நீங்க பொகையத்தானே கேட்டீங்க. இது சாம்பிராணி மேடம்” என்றார். மேடம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அழவும் செய்தார். “பாருங்கோ, நாங்கள் நடத்தினது ஒரு பரிசோதனை. அக்கா பக்கத்து அறையில இன்னொண்டு நடத்தியிருக்கிறா. என்ரையைவிட அவவின்ரைதான் வடிவா வந்திருக்கு” என்றார்.

நடந்ததை எழுதித் தரும்படி நிர்வாகம் என்னைக் கேட்டது. இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பக்கத்தில் நடந்ததை எழுதினேன், அதில் பிழை இல்லை. இரண்டாம் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. ஆய்வுகூடத்தின் ஒழுங்கு, படிப்பறிவில்லாதவர்களை இத்தகைய பொறுப்பில் வைப்பதன் ஆபத்து, மூடப்பழக்கம், கேட்டபோது மறைத்த ஏமாற்று என்றெல்லாம் நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். சுத்த அறை எலிகள் என் மகளுக்குச் சொன்ன தீர்ப்பு ஒரு தூபக்காலிலிருந்து வந்தது என்ற ஆத்திரம் எனக்குள் இருந்தது. அதை ஒழுங்கு என்ற பெயரில் எழுதினேன். விசாரணை நாளில் அந்த இரண்டு பக்கத்தையும் அக்காவுக்கு முன்னால் தமிழில் வாசித்துச் சொன்னார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அக்காவை வைத்துக்கொள்ள வேண்டும் என்று மேடம் கேட்டும், நான்காவது முறை ஒப்பந்தம் நீட்டப்படவில்லை. அதன்பிறகு அவர் பேராதனை வீதியில் ஒரு பூங்கன்றுப் பண்ணையில் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். காலையில் பஸ்ஸுக்கு இறங்கும்போது அவர் வீட்டுச் சந்தைத் தவிர்த்துச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன்.

மேடம் புது எலிகளை வைத்து முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை சுத்த அறையின் நோஞ்சான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை குட்டி போட்டன, கொழுத்தன, முரட்டு வம்சத்தைப் போலவே ஓடித் திரிந்தன. “இரத்தம் தனியா ஒண்டும் செய்யேல்லை, பாத்தீங்களே? புகையும் சேரத்தான் வேணும்” என்றார் மேடம். நான் தலையாட்டி, அந்த வாரத்து அட்டவணையை நிரப்பி, கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்து, குளித்து, கரி மூட்டி, சாம்பிராணியைத் தூவினேன். தூவும்போது ஒரு எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு கணம் கை நின்றது. எலி வேறு, மனிதர் வேறு என்றேன் எனக்குள். இது வீடு, ஜன்னல் இருக்கிறது என்றேன். எலிக் கூடத்தில் மூடப்பழக்கமாக இருந்தது என் வீட்டுக்குள் வந்ததும் பக்தியாகிவிட்டது. தவிர, இரத்தம் என்ற தீர்ப்போடு நான் ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டேன். ஆய்வுகூடத்தில் திருத்தப்பட்ட தீர்ப்பை வீட்டில் திருத்த நான் எழுந்திருக்கவே இல்லை.

இதுதான் அந்த வெள்ளிக்கிழமை ஐந்து ஐம்பதுக்கு என் மகள் புத்தகத்தை மூடியதற்கு முன்னால் நடந்தது.

மேல் வீட்டுப் பையனின் த்ரீவீலரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மழையில் வாகனங்கள் ஊர்ந்தன. அவன் ஹோர்னில் கையை வைத்தபடியே ஓட்டினான். மகள் நடுவில். அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விசில் சத்தம் இருக்கும் வரை பயமில்லை, சத்தம் நின்றால்தான் பயம் என்று யாரோ சொன்னது மண்டைக்குள் ஓடியது. வழியில் ஒரு வளைவில் சத்தம் குறைந்தது. மனைவி, “அம்மாவப் பாரு, அம்மாவப் பாரு” என்று அவள் கன்னத்தைத் தட்டினாள். அந்த இரண்டு மூன்று நிமிடங்களை நான் எழுதப்போவதில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே முகமூடி வைத்து ஆவி மருந்து கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள். ஒரு இளம் பெண் வைத்தியர், சிங்களத்தில், ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டார். வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பீர்களா? இல்லை. விறகடுப்பா? இல்லை, காஸ். நுளம்பு கடிக்காமல் கொளுத்தும் சுருள்? இல்லை, வலை. பக்கத்தில் குப்பை எரித்தார்களா? மழையில் யார் எரிப்பார்கள்? வேறு ஏதாவது புகை? இல்லை, அப்படி ஒன்றும் இல்லை என்றேன். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு உள்ளே போனார்.

நான் பொய் சொல்லவில்லை. இதை யாராவது நம்ப வேண்டும். புகை என்ற கேள்விக்குச் சாம்பிராணி என் நினைவுக்கு வரவே இல்லை. சுவரோரம் கிடந்த வாங்கில் உட்கார்ந்த பிறகுதான், நான் இப்போது சொன்ன சொற்களை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று பட்டது. அப்படி ஒன்றும் இல்லை. “இல்ல மேடம், அப்புடி ஒன்னுமில்ல.” அதே சொல், அதே நேர்ப்பார்வை. அக்கா ஏமாற்றினார் என்றுதான் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

எழுந்து உள்ளே போனேன். “டொக்டர், ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்” என்றேன். சாம்பிராணிக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று தடுமாறி, கையால் சுற்றிக் காட்டினேன். அவருக்கு உடனே புரிந்தது. அவர்கள் வீட்டிலும் உண்டாம். “எத்தனை நாளாக?” என்று கேட்டார். ஒவ்வொரு வெள்ளியும் உண்டு, ஒன்றரை வருடத்துக்கு மேலாகக் கூடுதலாக என்றேன். அவர் திட்டவில்லை. மகளின் கிளினிக் கொப்பியை வாங்கி, இழுப்பு வந்த தேதிகளை எனக்கு முன்னால் விரித்துவைத்து, இவை என்ன கிழமைகள் என்று கேட்டார். கைத்தொலைபேசியில் நாட்காட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெள்ளி, சனி, சனி, வெள்ளி. இடையில் ஒரு புதன். மறுபடி சனி. எலிகளின் ஒவ்வொரு கிராமுக்கும் நாள் நேரம் எழுதியவன் நான். என் மகளின் தேதிகளுக்குப் பக்கத்தில் கிழமையை எழுதிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் விளக்கு மட்டும் ஏற்றுகிறோம். மாமியார் முதல் வாரம் முணுமுணுத்தார். “சாமிக்கு வாசம் இல்லாம என்ன வெள்ளிக்கெழம?” என்றார். மகள், “சாமிக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு அம்மாச்சி, எனக்குத்தான் இல்ல” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளுக்கு இழுப்பு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். குளிர் மாதத்தில் ஒருமுறை வந்தது, பம்பிலேயே அடங்கியது. என் தம்பியின் இரத்தம் அவளுக்குள் இருக்கத்தான் செய்கிறது. அதை மாற்ற யாராலும் முடியாது. அவள் உட்கார்ந்து படிக்கும் அறையை மாற்ற முடியும். தம்பி கிடந்த அந்த லயத்து அடுப்படியில் ஜன்னல் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இருந்ததாக நினைவில்லை. அப்பாவை இனிக் கேட்கவும் முடியாது. மகள் பாடம் படிக்கும்போது நான் பேப்பர் வாசிப்பது போல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எத்தனை பக்கம் புரட்டினாலும் ஒரு வரி ஏறுவதில்லை. அவளுடைய மூச்சைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்கும் தெரியும். “அப்பா, நா எலி இல்ல” என்பாள்.

அந்த ஆஸ்பத்திரி நாட்களில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. மறுநாள் சனிக்கிழமை மத்தியானம், பார்வையாளர் நேரம். மகள் முகமூடி கழற்றிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மனைவி உடுப்பு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். வார்டு வாசலில் கூட்டம் தள்ளிக்கொண்டு வந்தபோது, அதன் நடுவில் அக்கா வந்தார். கையில் ஒரு பிளாஸ்க். நகத்தில் பண்ணை மண். த்ரீவீலர் ஓட்டிய பையன் அவருடைய கொழுந்தன் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நான் எழுந்து கதிரையைக் கொடுத்தேன். அவர் உட்காரவில்லை. கட்டிலருகே போய், மகளின் பக்கத்தில் உள்ளங்கையைக் கிண்ணம் போல வைத்துக்கொண்டு சும்மா நின்றார். மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் கையை அதில் வைத்தாள். “என்னா தங்கம், அப்பா ஒன்னயும் சுத்த ரூம்லதான் வச்சிருந்தாராக்கும்?” என்றார். மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமலும் வந்தது. பிறகு தானாக நின்றது.

“அக்கா,” என்றேன். “நான்தான்... வீட்டுல ஒவ்வொரு வெள்ளியும்...”

“தெரியுது சார், சாம்பிராணி வாசம் அடிக்குதே. சட்டைய இன்னும் மாத்தல போல” என்று பிளாஸ்கைத் திறந்து, மூடியில் தேநீரை ஊற்றி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மூடியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. மகளின் போர்வையை இழுத்துச் சரி செய்தபடி, என் பக்கம் திரும்பாமலேயே, கோபமாகவும் இல்லை கேலியாகவும் இல்லை, எலிகளோடு பேசும் அதே குரலில் கேட்டார்.

“என்னையப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுனீங்க. ஒங்களப் பத்தி யாரு சார் எழுதுவா?”